கால் பெருவிரலில் கவுட் (ரத்தத்தில் யூரிக் ஆசிட் ஏறி, மூட்டில் படிகமாகப் படிவதால் வரும் வலி): உங்களுக்கு என்ன நடந்தது?

செட்டிநாட்டான்:
குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு. ஈரல், சுவரொட்டி, குடல் எல்லாம் இரண்டு வேளையும் உண்டு, சாயங்காலம் பங்காளிகளோடு பீரும். ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்தது. வலது கால் பெருவிரலில் கொசுவலையின் ஓரம் பட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான், கத்திவிட்டேன். லைட்டைப் போட்டால் விரலடி செக்கச்செவேல் என்று வீங்கி, தோல் பளபளக்கிறது. தேள் கொட்டியிருக்கும் என்று அப்பா பாயை உதறிப் பார்த்தார்.

மனசை விட்டுப் போகாதது அது இல்லை. காலையில் அம்மா, கால்வலிக்கு நல்லது என்று ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொண்டுவந்தார். மூன்று நாள் குடித்தேன். வலி ஏறத்தான் செய்தது. கறியை வேகவைத்தால், உடம்பில் யூரிக் ஆசிட்டாக மாறும் ப்யூரின் சாற்றில் இறங்கிவிடும், இந்தச் சமயத்தில் சூப்பே வேண்டாம் என்று பிறகு டாக்டர் சொன்னார். யூரிக் ஆசிட் 9.2. அம்மாவிடம் இன்றுவரை இதைச் சொல்லவில்லை.

கும்பகோணத்துக்காரி:
வயசு 61. எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. ரிப்போர்ட்டில் கவுட் என்று வந்ததும் நாத்தனார், "மன்னி, வெளியில ஏதாவது சாப்பிடறேளா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். இன்னும் ஆறவில்லை.

முதலில் பார்த்த இடத்தில் பருப்பு, கீரை, தக்காளி மூன்றையும் நிறுத்தச் சொன்னார்கள். 7 மாதம் அப்படியே இருந்தேன், துரும்பாய்ப் போனேன். யூரிக் ஆசிட் 8.4-ல் இருந்தது 8.1 ஆனது. அடுத்துப் பார்த்த டாக்டர், வீட்டில் இருக்கும் மாத்திரையெல்லாம் கொண்டுவரச் சொல்லி ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் பார்த்தார். பிபி மாத்திரையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஹைட்ரோகுளோரோதயசைட். அதில் விரலை வைத்து "இது ஒரு காரணம்மா" என்றார். நீர் பிரியக் கொடுக்கும் மருந்து அது, ஆனால் யூரிக் ஆசிட்டை உள்ளேயே தங்கவைத்துவிடும். அதை நிறுத்தி, பிபிக்கு வேறு மாத்திரையாக லோசார்டான் எழுதினார். மூன்று மாதத்தில் 6.9. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இது ஏறும் என்று சொன்னவரும் அவர்தான்.

நாமக்கல் லாரி:
செட்டிநாட்டு அண்ணே, கறி, பீருன்னு எழுதினா எல்லாரும் குடிச்சுதான் வருதுன்னு நினைப்பாங்க. 22 வருஷமா வண்டி ஓட்டுறேன், சரக்கைத் தொட்டதில்ல. அடிக்கடி நிறுத்த வேணாம்னு தண்ணியைக் குறைச்சுக்குவேன், தூக்கம் வராம இருக்க கலர், அதான் பாட்டில் கூல்டிரிங்க், குடிப்பேன், ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர். கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில கிளட்சை மிதிக்க இடது காலை வச்சேன், உயிர் போயிருச்சு. பின்னால வரிசையா ஹாரன். கிளீனர் தம்பி கீழ உக்காந்து ரெண்டு கையாலயும் கிளட்சை அமுக்க, நான் கியர் போட்டு ஓரங்கட்டினேன். அண்ணாந்து என்னையே பார்த்த அந்தப் பையன் முகம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

அப்புறம் மருந்துக்கடையில யூரிக் ஆசிட்டைக் குறைக்கிற அலோபூரினால் மாத்திரை வாங்கிப் போட்டேன். ரெண்டாவது வாரம் முட்டியில வந்துச்சு. ஒத்துக்கலைன்னு விட்டுட்டேன்.

ரிட்டயர்டு வாத்தியார்:
எனக்கு நடந்தது சின்னதுதான். வலி உச்சத்தில் இருந்த அன்று எடுத்த டெஸ்டில் யூரிக் ஆசிட் 5.8. கிருமித்தொற்று என்று 10 நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். எல்லாம் அடங்கி இரண்டு வாரம் கழித்து எடுத்தால் 8.9. வீக்கம் இருக்கும்போது அளவு இறங்கிக் காட்டலாம், மறுபடி எடுத்துப் பாருங்கள்.

லாரித் தம்பிக்கு: கடையில் கேட்டு வாங்கியதும் தப்பு, நீங்களாக நிறுத்தியதும் தப்பு. அளவு இறங்கும்போது மூட்டில் படிந்த பழைய படிகம் கலையும், அதனால்தான் ஆரம்ப மாதங்களில் வலி திரும்ப வரும். டாக்டர் என்றால் 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, முதல் சில மாதம் அந்த வலியைத் தடுக்கும் கோல்சிசினையும் துணைக்குத் தருவார். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றும் பார்ப்பார். ஆனால் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அலோபூரினாலை அப்போதே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். யூரிக் ஆசிட்டுக்குக் குறி 6-க்குக் கீழே. பத்தியத்தால் மட்டும் ஒரு புள்ளி இறங்கினாலே அதிகம், ஏனென்றால் யூரிக் ஆசிட்டில் பெரும்பங்கு உடம்பே உண்டாக்குவது. அதற்காகப் பத்தியத்தை விடச் சொல்லவில்லை: நெத்திலி, மத்தி, ஈரல், பீர் எல்லாம் குறையட்டும். உங்களுக்கு முதல் எதிரி அந்தக் கலர், அதிலுள்ள சர்க்கரையே யூரிக் ஆசிட்டை ஏற்றும். பட்டினி கிடந்து எடை குறைக்கவும் வேண்டாம், அதுவே வலியைக் கிளப்பும்.

கும்பகோணத்து அம்மா, பருப்பை உங்களிடமிருந்து பிடுங்கியது அநியாயம். அமெரிக்காவில் 47,000 ஆண்களை 12 வருஷம் கவனித்து 2004-ல் வெளியிட்டார்கள். கறியும் மீனும் கூடுதலாகத் தின்றவர்களுக்குக் கவுட் அதிகம் வந்தது. பருப்புக்கும் கீரைக்கும் அந்தத் தொடர்பு இல்லை. பால் பொருள் சேர்த்தவர்களுக்குக் குறைவாகவே வந்தது. தாராளமாக மோர் குடியுங்கள்.

நாமக்கல் லாரி:
கலரை விட்டுர்றேன் சார். தண்ணியையும் கூட்டிக்கலாம்னா, ராத்திரி ரோட்டுல லோடு வண்டியை எங்க நிறுத்துறது? அதையும் சொல்லுங்க. சேலத்துல டாக்டர்கிட்ட காட்டிட்டு எழுதறேன்.

கும்பகோணத்துக்காரி:
நேற்று துவரம்பருப்பு வேகவைத்து முள்ளங்கி சாம்பார் செய்தேன். இரண்டு கரண்டி கூடவே போட்டுக்கொண்டேன்.

செட்டிநாட்டான்:
சனிக்கிழமை அம்மா ஊரிலிருந்து வருகிறார். எனக்கென்று ஆட்டுக்கால் வாங்கி வைத்திருப்பதாகப் போனில் சொன்னார். அவர் மனசு நோகாமல் இதை எப்படிச் சொல்வது?