மொனேரோ நோடுக்கு இன்கமிங் கனெக்ஷனே வரல, யாராவது உதவுங்க

கோவைல வீட்ல ராஸ்பெர்ரி பை 5, 8 ஜிபி, எஸ்எஸ்டில மொனேரோ கிரிப்டோகரன்சியோட ப்ரூன்டு நோட் (அந்த நெட்வொர்க்ல சேர்ந்த, பழைய டேட்டாவுல ஒரு பகுதிய மட்டும் வெச்சிருக்கற கம்ப்யூட்டர்) ஓடுது. போன மாசம் பிராட்பேண்ட் மாத்தினதுல இருந்து ஸ்டேட்டஸ் அடிச்சா அவுட் 12, இன் 0 தான், சிங்க் எல்லாம் பக்கா, ஆனா வெளிய இருந்து ஒரு நோடும் உள்ள வரல, புதுசா சேர்றவங்களுக்கு பிளாக் (டிரான்ஸாக்ஷன் பதிவுகளோட தொகுப்பு) கொடுக்கணும்னுதான் இதையே ஆரம்பிச்சேன்.

ரவுட்டர்ல மத்த நோடுங்க உள்ள வர்ற போர்ட் 18080ஐ ஃபார்வர்ட் பண்ணியாச்சு, ஃபயர்வாலும் ஓபன். ரவுட்டரோட வேன் (WAN, வெளிப்பக்க) ஐபி 100.64னு ஆரம்பிக்குது, அப்ப சிஜிநாட் (CGNAT, ஒரே பப்ளிக் ஐபிய பல வீட்டுக்கு பங்கிடறது) தான். ஸ்டாடிக் ஐபிக்கு மாசாமாசம் தனிக்காசு, கட்டுப்படியாகாது. ஐபிய மறைக்கிற டோர் (Tor) நெட்வொர்க்ல வெச்சா டிரான்ஸாக்ஷன் மட்டும்தான் போகும், பிளாக் போகாது. ஐபிவி6 இருக்கு, நோட்ல அதை ஆன் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணியும் அதே சைபர்.

சிஜிநாட்டுக்குப் பின்னாடி இருந்துகிட்டு ஐபிவி6 வழியா 18080க்கு இன்கமிங் வர வெச்சவங்க, ரவுட்டர்ல எந்த செட்டிங்கை மாத்துனீங்க?