சோற்றுக்கு எந்தத் தண்ணீர்?

சங்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

சித்திரைக்கு ஊருக்குப் போனபோது, நாம் போட்ட, தண்ணீரில் கரைந்த உப்பை வடிகட்டுகிற ஆர்.ஓ. குடிநீர் நிலையத்தில் 3 நாள் காலையில் போய் உட்கார்ந்தேன். இவ்வளவு லிட்டர் கொடுத்தோம் என்று வருசா வருசம் எழுதுகிறோம். அது தண்ணீர்க் கணக்கு. நாம் பணம் போட்டதோ பிள்ளைகள் பல்லில் ஏறுகிற பழுப்புக் கறையைத் தடுக்க. சேலம், தர்மபுரி பக்கம் பல ஊர்களில் போர்த் தண்ணீரில் அந்தக் கறைக்குக் காரணமான ஃபுளோரைடு இருப்பது நமக்குப் புதிதில்லை.

நிலையத்துத் தம்பி பேனா மாதிரி ஒரு மீட்டரை டம்ளரில் விட்டுக் காட்டினார். நூறுக்குள் வந்தது. ஆனால் அது டி.டி.எஸ்., கரைந்த உப்பெல்லாம் சேர்ந்த அளவு. ஃபுளோரைடைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைச் சோதித்த தாள் கோப்பில் ஒன்றுகூட இல்லை. நாமும் இத்தனை நாள் கேட்கவில்லை.

அப்புறம் வீடுகளுக்குப் போனேன். ஒரு பெரியம்மா வீட்டுத் திண்ணையில் நிலையத்துத் தண்ணீர் 20 லிட்டர் கேன். அடுப்படியில் போர்த் தண்ணீர்க் குடம், உள்பக்கம் வெள்ளையாக உப்புப் படிந்து கிடந்தது. "பருப்புக்கு மட்டும் கேன் தண்ணி கண்ணு, அதுலதான் வேகுது. சோத்துக்கு எதுக்குக் காசுத் தண்ணி?" என்றார். உலைத் தண்ணீரை அரிசி குடிக்கிறதே! கொதித்தாலும் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். போன வீடுகளில் பெரும்பாலும் இதே நிலைதான்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்துவிட்டுப் பலனே இல்லை என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார். அண்ணா, அந்தக் கறை பல் ஈறுக்குள் உருவாகும்போதே, ஏறக்குறைய 8 வயதுக்குள், விழுந்துவிடுகிறது. முளைத்த பிறகு எந்தத் தண்ணீர் கொடுத்தாலும் போகாது. இப்போது பால்வாடியில் இருக்கிற பிள்ளைகள் பெயரை எழுதிவைத்து, பால்பல் விழுந்து முன்பல் முளைக்கும்போது பார்க்க வேண்டும். எந்த வீட்டில் உலைக்கு எந்தத் தண்ணீர் என்பதும் அதே நோட்டில் ஏற வேண்டும்.

சமையலுக்குத் தினம் ஒரு குடம் இலவசமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பொருளாளர் அண்ணன் கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள். போர்த் தண்ணீர், நிலையத்துத் தண்ணீர் இரண்டையும் சேலத்தில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுக்க, ஆடியில் ஊருக்குப் போகிறவர்கள் யார்? ஆகஸ்ட் 15 கிராம சபையில் அந்தத் தாளைப் படித்துக் காட்டிவிடலாம்.

அன்புடன்,
மஸ்கட்டிலிருந்து உங்கள் தம்பி