ஐசியு, டயாலிசிஸில் உயிரிப் பாதுகாப்பு (தொற்றுத் தடுப்பு) ஆடிட்: தாளில் 95%, ஊசிக்குத்து மட்டும் குறையவில்லை

கேள்வி
ஐசியு, டயாலிசிஸ் இரண்டுக்கும் ஆம்/இல்லை என்று டிக் போடும் 40 கேள்விப் பட்டியல் இருக்கிறது. மாதாமாதம் 95% வருகிறது. ஆனால் ஊசிக்குத்துச் சம்பவங்கள் (பயன்படுத்திய ஊசி பணியாளரைத் தவறுதலாகக் குத்துவது) அப்படியே இருக்கின்றன. மதிப்பீட்டில் எதை மாற்றுவது?

மறுமொழி 1
"கை கழுவுகிறீர்களா?" என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? நின்று பார்த்து எண்ணுங்கள். கை சுத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களையும் (நோயாளியைத் தொடும் முன், சுத்தமான செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின்) தனித்தனியாகக் குறியுங்கள். ஒரு முறைக்குச் சுமார் 20 நிமிடம் போதும். ஒரு பிரிவுக்கு 200 வாய்ப்புகளாவது (கை சுத்தம் செய்தாக வேண்டிய தடவைகள்) சேராமல் சதவீதம் போடாதீர்கள். மொத்தச் சதவீதத்தில் ஒன்றும் தெரியாது. நோயாளியைத் தொட்ட 'பின்' கழுவுவது தன்னைக் காக்க, அது பெரும்பாலும் நடந்துவிடும். கோட்டை விடுவது 'முன்' தருணங்களில். அதே கையுறையோடு அடுத்த படுக்கைக்குப் போனால் அதுவும் தவறிய வாய்ப்புதான். ஆள் நின்று பார்த்தால் எல்லோரும் ஒழுங்காகிவிடுவார்கள், அதனால் இரவு ஷிப்டிலும் பாருங்கள். ஹேண்ட்ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) செலவான அளவோடு ஒப்பிடுங்கள்.

மறுமொழி 2
ஊசிக்குத்துக்கு எண்ணிக்கை போதாது, எந்தக் கட்டத்தில் குத்தியது என்று பிரியுங்கள்: ஊசி போடும்போதா, மூடி மாட்டும்போதா, ஊசிகளைப் போடும் பெட்டியில் போடும்போதா, குப்பைப் பையைத் தூக்கியவருக்கா? கடைசி வகை வந்தால் தவறு பையைத் தூக்கியவருடையது அல்ல. பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முக்கால் நிரம்பியதும் மாற்றுகிறார்களா என்று பாருங்கள். ஒளி ஊடுருவும் பெட்டி என்றால் வெளியிலிருந்தே மூடி மாட்டிய ஊசிகள் தெரியும். பெட்டியைத் திறக்கவே கூடாது. ஒன்று, பதிவு ஒழுங்கானால் முதலில் எண்ணிக்கை ஏறும். அதற்காகப் பயந்துவிடாதீர்கள்.

மறுமொழி 3
குளோரின் கரைசலையும் சேருங்கள். இரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5% வேண்டுமென்றால் 5% ஹைப்போகுளோரைட் (குளோரின் தரும் ப்ளீச் திரவம்) ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு. தயாரித்த தேதி, நேரம் எழுதாத வாளிக்கு மதிப்பெண் பூஜ்யம். வைக்க வைக்க வீரியம் இறங்கும். இரத்தத்தை முதலில் ஒற்றி எடுக்காமல் ஊற்றினால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். டயாலிசிஸ் இயந்திரத்தின் பொத்தான்கள், நாற்காலிக் கைப்பிடி, படுக்கைக் கம்பி ஆகியவற்றில் ஒளிரும் ஜெல் புள்ளி வைத்து, சுத்தம் செய்தபின் புற ஊதா விளக்கில் பாருங்கள்; புள்ளி இன்னும் ஒளிர்ந்தால் அங்கே துடைக்கவில்லை.

கேட்டவர்
ஜெல் வைக்கும் இடத்தைப் பணியாளர்களிடம் முன்பே சொல்ல வேண்டுமா?

மறுமொழி 3
வேண்டாம், சொன்னால் அந்த இடத்தை மட்டும் நன்றாகத் துடைத்துவிடுவார்கள். முடிவை மட்டும் அன்றே விளக்கொளியில் அவர்களுக்குக் காட்டிவிடுங்கள்.