வளவு துண்டாகிய கதை: உங்கள் வீட்டில் எப்படி?

பாலத்தடியான் (கல்லடி)

மட்டக்களப்பில், கல்லடியில் இருக்கும் என் அம்மம்மாவின் வளவு 80 பேர்ச். அதாவது அரை ஏக்கர். ஒரு கிணறு, மூன்று மாமரங்கள், பின்பக்கம் வாவியைப் பார்த்துத் தென்னைகள். அவருக்கு நான்கு பெண்கள். நம்மூர் வழக்கம் தெரிந்ததுதானே: பெண்ணுக்கு வீடு இல்லாமல் கல்யாணப் பேச்சு இல்லை, மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். ஆளுக்கு 20 பேர்ச் ஆயிற்று. என் அம்மாவின் பங்கு அக்காவுக்கும் தங்கைக்கும் பத்துப் பத்தாகப் போயிற்று. ஆண்பிள்ளையான எனக்கு ஒன்றும் இல்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆரையம்பதியில் மனைவியின் வீட்டில் இருக்கிறேன். மாமியாரின் மீன்குழம்புக்குக் குறை சொல்ல முடியாது.

அக்காவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசி முடித்தாயிற்று. பத்தைப் பாதியாக்கி 5 பேர்ச்சில் வீடு கட்ட வரைபடம் கொண்டுபோனோம். அனுமதி கொடுக்கும் கந்தோரில் இருந்தவர் அதைத் திருப்பியே பார்க்கவில்லை. 150 சதுர மீற்றருக்குக் குறைந்த துண்டுக்கு அனுமதி கிடையாதாம். நம் கணக்கில் அது 6 பேர்ச். "ஒரு பேர்ச்சுக்காகவா தம்பி என் பிள்ளையின் கல்யாணம் நிற்கிறது?" என்று அக்கா கேட்டார். சட்டம் அந்தக் கந்தோர்க்காரர் எழுதியதா என்ன? கோப்பை மூடி எங்கள் பக்கம் தள்ளினார்.

அன்று இரவு எண்ணிப் பார்த்தேன். அந்த 80 பேர்ச்சுக்குள் இப்போது ஏழு வீடுகள் நிற்கின்றன. நடுவில் நாலடி ஒழுங்கை, ஓட்டோ வராது. அந்த ஒழுங்கைக்கு யார் பங்கிலிருந்து நிலம் போயிற்று என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. 2013இல் புதிய பாலம் திறந்த பிறகு கல்லடியில் நிலம் விற்கும் விலைக்கு, வெளியே ஒரு துண்டு வாங்கலாம் என்று அக்கா கனவுகூடக் காண்பதில்லை. நகரத் திட்டம் என்று எங்கோ ஒரு மேசையில் தாள் விரித்து வைத்திருப்பார்கள். எங்கள் ஒழுங்கையை வரைந்தவர்கள் பெண்பிள்ளை பெற்ற தாய்மார். உங்கள் பக்கம் எப்படி நடந்தது? எழுதுங்கள். கட்சி அரசியல் மட்டும் வேண்டாம், அதற்கு வேறு இடம் நிறைய இருக்கிறது.


மூன்றாம் வளைவு (காத்தான்குடி)

அண்ணன், நாலடியை ஒழுங்கை என்கிறீர்களே, எங்களுக்கு அது பெருந்தெரு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பிரதான வீதி நடுவில் நிற்கும் ஈச்சமரங்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மூன்று வளைவு உள்ளே வந்து பார்க்க வேண்டும்.

வாப்பா மௌத்தான அன்று சந்தூக்கை, அதாவது உடலைச் சுமக்கும் பெட்டியை, எங்கள் வளைவில் திருப்ப முடியவில்லை. மூலை வீட்டு மதிலுக்கு மேலால் தூக்கி அந்தப் பக்கம் நின்றவர்களிடம் கொடுத்தார்கள். அடுத்த கிழமை அந்த வீட்டுக்காரர் தன் மதிலின் மூலையை உடைத்து, உள்வாங்கி வளைத்துக் கட்டினார். நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவரும் அதைப் பற்றி இதுவரை ஒரு சொல் சொல்லவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் பெண்பிள்ளைகள் தலையில் போடாதீர்கள். மூத்தப்பாவுக்கு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் இருந்தது. போகம் முடியும்வரை அங்கேயே வாடி போட்டுத் தங்குவார். 1990 வன்செயலுக்குப் பிறகு போகவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் கலந்திருந்த ஓரங்களை இரு தரப்பும் விட்டுவிட்டுத் தத்தம் ஆட்களுக்கு நடுவே வந்து நெருங்கிக்கொண்டார்கள். ஊர் விரிந்திருக்க வேண்டிய பக்கத்தை அச்சம் அடைத்தது. கிழக்கே கடல், மேற்கே வாவி. இனி மேலேதான் போக வேண்டும்.


தறிக்காரி மகள் (மருதமுனை)

மேலே போகிற கதை என்னிடம் இருக்கிறது. எங்கள் மொட்டைமாடியில் எட்டுத் தூண்களின் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. துருப்பிடிக்காமல் இருக்க உம்மா அவற்றுக்குச் சீமெந்துப் பால் பூசி, வெற்றுப் போத்தல் கவிழ்த்து வைத்திருக்கிறார். கீழ்வீடு தாத்தாவுக்கு. (எங்களில் மூத்த சகோதரிதான் தாத்தா. தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்கள் குழம்ப வேண்டாம்.) மேல்வீடு எனக்கு. வாப்பா கட்டாருக்குப் போனது அந்த எட்டுக் கம்பிகளுக்காக. தறிக்கொட்டில் இருந்த இடத்தில் இப்போது மாடிப்படி ஏறுகிறது. உம்மா நெசவை விட்டதற்கு நூல் விலை ஒரு காரணம் என்றால், தறி வைக்க இடம் இல்லாமற்போனது மறு காரணம்.

2022இல் சீமெந்து விலை ஏறிய ஏற்றத்தில் வேலை நின்றது. இன்னும் நிற்கிறது. நான் கல்முனையில் வேலை பார்க்கிறேன், வாடகை வீட்டில் குடும்பம் நடத்தவும் தயார். உம்மாவிடம் சொன்னேன். "வாடகைக்கு இருக்கிறவள் புருஷனோடு சண்டை பிடித்தால் எங்கே போய் நிற்பாள்?" என்று கேட்டார். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.


நாவலடிப் பிள்ளை (திராய்மடு)

தறிக்காரி மகளின் உம்மா கேட்டதை வாசித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் நிலம் துண்டாகவில்லை, முழுதாகவே போயிற்று.

நாவலடி கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல். அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு அங்கே இருந்தது. பெரியம்மா வீடும் சின்னம்மா வீடும் அதே முற்றத்தில். ஒரு வீட்டில் புளி இல்லையென்றால் குரல் கொடுத்தால் போதும். 2004 டிசம்பர் 26இல் எனக்குப் பதினான்கு வயது. அந்தக் காலையைப் பற்றி எழுதப்போவதில்லை.

பிறகு கூடாரம், தகரக் கொட்டில், அதன் பின் திராய்மடு. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள், தெற்கில் அது 100 மீற்றர். பின்னர் அந்த எல்லையைத் தளர்த்தினார்கள், ஆனால் அதற்குள் நாங்கள் மனத்தளவில் இடம்பெயர்ந்திருந்தோம். புதிய வீட்டைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். எங்களுக்கு ஒரு வரிசை, பெரியம்மாவுக்குக் கடைசி வரிசை, சின்னம்மாவுக்கு வேறொரு நிறுவனம் கட்டிய வேறு நிறக் கூரை. புளி கேட்கச் சைக்கிள் எடுக்க வேண்டும். அப்பா விடியப்புறம் இரண்டரைக்கு எழுந்து தோணிக்குப் போக மிதிப்பார்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாத ஒன்று, அந்தத் தாள். படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஓர் இடம் இருந்தது. அதில் அப்பாவின் பெயரை எழுதினார்கள். வீடும் அவர் பெயரில் வந்தது. நாவலடியில் அப்பா அம்மாவின் வீட்டுக்கு வந்தவர். குடித்துவிட்டுச் சத்தம் போட்டால் அம்மா வாசற்படியில் நின்று "இது என் தாய் தந்த வீடு" என்பார், அவர் அடங்கிவிடுவார். திராய்மடுவுக்கு வந்து ஒரு வருடம் கழித்து ஒரு நாள் அப்பா சொன்னார்: "இது என் வீடு." ஒரே ஒரு முறைதான். மறுநாள் அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும், இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. ஆனால் அம்மா அதன் பிறகு வாசற்படியில் நின்று எதுவும் சொன்னதில்லை.

என் கல்யாணத்தின்போது வீட்டை எனக்கு எழுதினார்கள். கொடுப்பவர் அப்பா. அம்மா சாட்சியாகக் கையொப்பமிட்டார்.

இன்னொன்று. கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், முன்பு புளியந்தீவில் ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்ததல்லவா? 2024இல் புதிய மாவட்டச் செயலகத்தைத் திராய்மடுவில் திறந்தார்கள். ஊருக்கு வெளியே தள்ளிவிட்டார்கள் என்று நாங்கள் அழுத இடம் இப்போது 'கச்சேரிக்குக் கிட்ட'. தரகர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து விலை கேட்கிறார்கள். அம்மா அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகிறார்.


பனிக்குள் இருப்பவள் (ரொறன்ரோ)

எனக்கு எழுதிய வீடு 18 பேர்ச் வளவோடு கல்லடியில் பூட்டிக் கிடக்கிறது. சாவி மாமியிடம். வாடகைக்கு விட்டால் குடியிருப்பவர்களைத் திரும்ப எழுப்ப முடியாது என்று பயம், விற்றால் ஊரே இல்லாமற்போகும் என்று பயம். பாலத்தடியான் அண்ணன் ஒரு பேர்ச்சுக்கு அலைவதை வாசித்தபோது வெட்கமாக இருந்தது. வேறு சொல்ல ஒன்றுமில்லை.


கொலனிக்காரன் (மத்தியமுகாம் பக்கம்)

நீங்கள் எல்லோரும் வெட்டி வெட்டிக் கெட்டீர்கள், நாங்கள் வெட்ட முடியாமல் கெட்டோம்.

1949இல் கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் வந்தது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் எல்லாம் கோடு போட்டு அடித்த கொலனிகள். ஊருக்குப் பெயர்கூட எண்தான். என் அம்மப்பாவுக்கு அரசு தந்த காணிக்கு உரிமம்தான், உறுதிப் பத்திரம் இல்லை. 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் வந்த காணி. அதை நினைத்தபடி துண்டாட முடியாது. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று, பின்னுரித்தாளியாக ஒருவரை எழுதி வைக்க வேண்டும். எழுதாமல் இறந்தால் சட்டத்தில் உள்ள வாரிசு அட்டவணைப்படி போகும். பிள்ளைகளுக்குள் முதலில் நின்றவர் மூத்த மகன். அம்மப்பா எழுதவில்லை. "எழுதினால் சாவு வரும்" என்பார். சாவு எழுதாமலும் வந்தது.

காணி மாமாவுக்குப் போயிற்று. வழக்கப்படி வீட்டுக்கு உரிய அம்மாவும் சித்தியும் கையை விரித்து நின்றார்கள். மாமா நல்லவர், வாய்ச்சொல்லாக ஆளுக்கு ஒரு மூலை விட்டார். அவருடைய மக்களும் நல்லவர்களாக இருக்க வேண்டுமே. 2022இல் சட்டத்தைத் திருத்தி, ஆண் முதலில் என்பதை நீக்கினார்கள். எங்களுக்குக் காலம் பிந்திவிட்டது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீதியில் உழவு இயந்திரம் பெட்டியோடு திரும்பும். காத்தான்குடிச் சகோதரரின் வாப்பாவைப் பற்றி வாசித்தபோது இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.


மறுகரை டீச்சர் (கொக்கட்டிச்சோலைப் பக்கம்)

மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை 'பாதை'தான் எங்களுக்கு. பாதை என்றால் சாலை என்று நினைக்காதீர்கள், ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. காற்று எழுந்தால் காத்திருக்க வேண்டும். பாலம் வந்தால் படுவான்கரைக்கு ஆட்கள் வருவார்கள் என்று மேடையில் பேசினார்கள், நானும் கை தட்டினேன். பாலம் வந்தது, ஆட்கள் போனார்கள். முதலில் பிள்ளைகள் மாலை வகுப்புக்குப் போனார்கள். பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தாய்மார் போனார்கள். முப்பத்துநான்கு பேர் இருந்த என் வகுப்பில் இந்த வருடம் பதினொருவர்.

சம்பந்தம் பேச வருகிறவர்கள் முன்பெல்லாம் வீட்டில் எத்தனை அறை என்று கேட்பார்கள். இப்போது "வீடு எந்தக் கரையில்?" என்று கேட்கிறார்கள். என் பக்கத்து வீட்டார் வயலை விற்று, கடல் பக்கமான எழுவான்கரையில் 8 பேர்ச் வாங்கி மகளுக்கு வீடு கட்டினார்கள். இங்கே அவர்களுடைய ஒன்றரை ஏக்கர் வளவில் பலா பழுத்து விழுகிறது, வாசனைக்கு யானை வருகிறது.


ஓய்வுபெற்ற சங்கிலி (ஏறாவூர்)

நில அளவையில் முப்பது வருடம். பாலத்தடியான் தம்பிக்கு: 10 பேர்ச்சை வெட்டாதீர்கள். இரண்டு பெண்களுக்கும் பிரிக்காத பங்காக எழுதலாம், ஆனால் மருமகன்மாருக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் நீதிமன்றம்தான். நல்ல வழி, பக்கத்துக் காணியில் 2 பேர்ச் வாங்கிச் சேர்த்து 6, 6 ஆக அளப்பது. அளக்கும்போது ஒழுங்கையை வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சில் விட்ட ஒழுங்கை அடுத்த தலைமுறையில் மதிலாகிவிடும்.

1981இல் மட்டக்களப்பு மாவட்டத்தில் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் பேர், 2012இல் சுமார் 5 லட்சத்து 26 ஆயிரம். எழுவான்கரையின் அகலம் கூடவில்லை. என் பழைய வரைபடங்களில் தண்ணீர் ஓடும் வழியைப் புள்ளிக்கோட்டால் காட்டியிருப்பேன். பின்னால் வந்த துண்டு வரைபடங்களில் அந்தக் கோடு இருக்காது. பள்ளக்காணியைக் கிறவல் போட்டு நிரப்பி, ஆளுக்கு ஓர் அடி உயர்த்திக்கொண்டார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் தண்ணீர், உயர்த்தக் காசில்லாத வீடுகளைத் தேடிப் போயிற்று. வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் எல்லாம் வடியும் என்று பேசிக்கொள்கிறார்கள். முகத்துவாரம்வரை தண்ணீர் போய்ச்சேர வழி வேண்டாமா?


பாலத்தடியான் (கல்லடி)

சங்கிலி ஐயா சொன்ன 2 பேர்ச்சுக்காகப் பெரியம்மாவின் மகளிடம் போனோம். அவருக்கு 20 பேர்ச் அப்படியே இருக்கிறது, பிள்ளைகள் இரண்டும் ஆண். அக்கா தயங்கித் தயங்கிக் கேட்க, அவர் சிரித்தார். "இவர்கள் எங்கேயோ ஒரு வீட்டுக்குப் போகப் போகிறவர்கள். எனக்கு எதற்கு இவ்வளவு?" விலை சொல்ல மறுத்துவிட்டார், பிறகு பேசிக்கொள்ளலாமாம். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அந்த 2 பேர்ச்சில் அம்மம்மாவின் மாமரம் ஒன்று நிற்கிறது, அதை வெட்டக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அளக்க வருகிறார்கள். வரைபடக்காரர் குசினியை மரத்தைச் சுற்றி வளைத்து மறுபடி வரைந்துகொண்டிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்னும் சொல்லவில்லை.