காவ்யா வீட்டு எலுமிச்சை மரத்தில்

குழு: எங்கள் வீடு

காவ்யா (இரவு 8:49)
[படம்]
இங்கே அமெரிக்காவில், சான் ஹோசேயில் இப்போதுதான் விடிகிறது. பின்பக்க எலுமிச்சை மரத்தில் இது அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. உடம்பை உப்பிக்கொண்டு, அலகை மேலே தூக்கி, கண் மூடி. செத்துவிட்டதா?

பெரியப்பா (8:51)
தேன்சிட்டுதானே? நம் செம்பருத்திக்கு வருமே.

காவ்யா (8:52)
இல்லை பெரியப்பா, இது ஹம்மிங் பேர்டு. அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் கிடையாது. இது அன்னா வகை, குளிர்காலத்திலும் எங்கள் ஊரிலேயே இருக்கும்.

அம்மா (8:53)
பாவம்டி. உள்ளே எடுத்து வை, சர்க்கரைத் தண்ணி கொடு.

செந்தில் மாமா (8:53)
தொடாதே! குளிர் ராத்திரியில் அது தன் உடம்புச் சூட்டைத் தானே இறக்கிக்கொள்ளும். பறக்கும்போது நிமிடத்துக்கு 1,000 தடவைக்கு மேல் அடிக்கிற இதயம், அப்போது 50 வரை இறங்கிவிடும். இல்லாவிட்டால் விடிவதற்குள் பட்டினியில் போய்விடும். அங்கே எத்தனை டிகிரி?

காவ்யா (8:54)
3.

செந்தில் மாமா (8:55)
அப்போ தூக்கம்தான். அக்கா, ஒரு ரூபாய்க் காசைக் கையில் வைத்துப் பார். அதன் எடை ஏறக்குறைய அவ்வளவுதான், நாலு கிராம் சொச்சம்.

பெரியப்பா (8:58)
எனக்குத் தேன்சிட்டாகத்தான் தெரிகிறது. வளைந்த மூக்கு.

காவ்யா (8:59)
பெரிதாக்கிப் பாருங்கள், மூக்கு நேர். நம் ஊர்ச் சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதானே குடிக்கும்? இது அந்தரத்தில் நின்று குடித்துவிட்டு, பின்பக்கமாகவே பறந்து வரும்.

பெரியம்மா (9:01)
கூடு உண்டா?

காவ்யா (9:03)
போன வருடம் இதே மரத்தில் ஒன்று இருந்தது. பாதி எலுமிச்சம்பழம் அளவுதான். பஞ்சை வைத்து, சிலந்தி நூலால் கட்டியது. குஞ்சு பெரிதாகப் பெரிதாகக் கூடும் விரிந்துகொடுத்தது. ரெண்டு குஞ்சு. முட்டை வைத்ததிலிருந்து பறக்கவிட்டது வரை எல்லாம் அம்மாதான், அப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பெரியம்மா (9:04)
அங்கேயும் அப்படித்தானா 😄

செந்தில் மாமா (9:05)
ஆண் வித்தை காட்டுவதோடு சரி. 30 மீட்டர் உயரத்திலிருந்து நேராகப் பாயும். அடியில் வந்து திரும்பும்போது 'டீக்' என்று ஒரு சத்தம். அது வாயால் இல்லை, வால் இறகு காற்றில் அதிர்ந்து வருவது.

காவ்யா (9:17)
[வீடியோ]
வெயில் பட்டதும் நடுங்க ஆரம்பித்தது. கண் திறந்தது!! கழுத்தைப் பாருங்கள்.

அம்மா (9:19)
கறுப்பு என்று நினைத்தேன், திரும்பினால் ரோஜா நிறம் அடிக்கிறதே! மயில்கழுத்துப் பட்டு மாதிரி. எங்கே போயிற்று?

காவ்யா (9:20)
பூவுக்குத்தான். பசி.

பெரியப்பா (9:26)
வீடியோ பார்த்தேன். சரி, மூக்கு நேர்தான்.