தட்டைக் கூரையில் நீர்க்கசிவு: சாய்கூரையாக மாற்றலாமா?

தூறல்: மழை பெய்தாலே எங்கள் மேல்தளம் கசிகிறது. நீர்த்தடுப்புப் பூச்சு இருமுறை பூசியும் பயனில்லை. தளத்தின் மேல் தகரத்தால் சாய்கூரை அமைத்தால் தொல்லை தீருமா? விரைவில் முடிவெடுக்க வேண்டும், அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்.

நிழல்மரம்: கறை அறையின் நடுவில் தெரிகிறதா, சுவரோரத்திலா? தளம் கட்டி எத்தனை ஆண்டுகள் ஆகின்றன? மழை விட்டபின் நீர் எவ்வளவு நேரம் தேங்கி நிற்கிறது?

செங்கோணம்: இந்த மன்றத்தின் பழைய உரையாடல் இழைகளைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. தட்டைக் கூரை என்பது முற்றிலும் மட்டமான கூரை அன்று. 80 அடிக்கு 1 அடியாவது வாட்டம், அதாவது நீர் வடிவதற்கான சரிவு, வேண்டும் என்பது அடிப்படைப் பாடம். இரண்டு நாளாகியும் நீர் வடியவில்லையென்றால் வாட்டம் சரியில்லை என்றே பொருள். அதன்மேல் எத்தனை பூச்சு பூசினாலும் வீண்.

வெயிலோன்: எல்லாவற்றுக்கும் வாட்டத்தையே காரணமாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. வெயிலில் நீண்டு இரவில் சுருங்கும் கான்கிரீட் தளம், 10 மீட்டர் நீளத்தில் 30 டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அசையக்கூடும். அந்த அசைவுக்கு ஈடுகொடுக்காத பூச்சு, தளமும் கைப்பிடிச்சுவரும் சேரும் மூலையில்தான் பெரும்பாலும் முதலில் விரிசல் விடும்.

செங்கோணம்: நீர் நிற்காத இடத்தில் விரிசல் இருந்தாலும் கசிவு குறைவே. 100 சதுர மீட்டர் தளத்தில் 5 சென்டிமீட்டர் நீர் தேங்கினால் 5 டன் சுமை என்பதையும் எண்ணிப் பாருங்கள். மழை மிகுந்த இடங்களில் தட்டைக் கூரையைத் தேர்ந்ததே பிழை.

நிழல்மரம்: அப்படி ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. நீர்த்தொட்டி வைக்கவும், சூரிய மின்தகடுகளை விரும்பிய திசையில் பொருத்தவும், பழுது பார்ப்பவர் அச்சமின்றி நடக்கவும், பின்னாளில் மேலே ஒரு தளம் எழுப்பவும் தட்டைக் கூரையே இடம் தருகிறது. சாய்கூரையும் இரு சரிவுகள் கூடும் பள்ளத்தில் கசிவதுண்டு. மேலும், காற்றுக்குத் தகரம் பறக்காதிருக்கத் தளத்தைத் துளைத்துக் கால்களை இறுக்கினால், ஒவ்வொரு துளையும் நீருக்குப் புதிய வழியாகிவிடலாம். தூறல் இன்னும் பதில் சொல்லவில்லையே?

தூறல்: தாமதத்துக்கு மன்னிக்கவும். தளத்துக்கு 14 வயது. கறை கைப்பிடிச்சுவரை ஒட்டிய மூலையில் இருக்கிறது. வடிகால் வாயில் இலையும் மண்ணும் அடைத்திருந்தன, எடுத்துவிட்டேன். தகர வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

வெயிலோன்: அந்த மூலையில் பூச்சைத் தளத்தோடு நிறுத்திவிட்டார்களா, சுவரிலும் 15 சென்டிமீட்டர் உயரம்வரை ஏற்றியிருக்கிறார்களா? பார்த்துச் சொல்லுங்கள்.