மாட்சாங்கிற ஜப்பான் தேயிலைப் பொடி டப்பா ஒண்ணு பரிசா வந்திருக்கு, பால்ல போட்டுக் கொதிக்க விடலாமா?

நகோயா நித்யா:
எல்லாருக்கும் வணக்கம். பக்கத்து வீட்டு அம்மா நிஷியோ ஊருக்குப் போய்ட்டு வரும்போது 30 கிராம் மாட்சா டப்பா ஒண்ணு வாங்கிட்டு வந்து குடுத்தாங்க. நம்ம டீத்தூள் மாதிரி பால்ல போட்டுக் கொதிக்க விடலாமா? சூப்பர் மார்க்கெட்ல பச்சைத் தேயிலைப் பொடி ரொம்ப மலிவா இருக்கே, ரெண்டும் ஒண்ணுதானா? மூங்கில் மத்து கட்டாயம் வேணுமா?

உஜி வாசி:
நித்யா, கொதிக்க மட்டும் விட்டுடாதீங்க, பச்சை மங்கிக் கசப்புதான் மிஞ்சும்.

ரெண்டும் ஒண்ணு இல்லை. அந்த மலிவுப் பாக்கெட் பெரும்பாலும் சென்சாங்கிற சாதாரண ஜப்பான் பச்சைத் தேயிலையை அரைச்ச பொடி. மாட்சாவுக்கு, பறிக்கிறதுக்கு மூணு நாலு வாரம் முன்னாடியே செடி மேல கறுப்பு வலை கட்டி வெயிலை மறைச்சுடுவாங்க. இங்க உஜில ஏப்ரல் கடைசில சைக்கிள்ல போனா தோட்டம் தோட்டமா கறுப்புக் கூரைதான் தெரியும். நிழல்ல இலை கரும்பச்சை ஆகும், சுவை தர்ற தியானின்ங்கிற பொருள் கூடும், துவர்ப்பு அடங்கும். பறிச்சதும் ஆவில வேக வச்சு, சுருட்டாம உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் திருகைல அரைப்பாங்க. ஒரு திருகைல மணிக்கு 40 கிராம் வந்தாலே அதிகம். வேகமாச் சுத்தினா சூடேறி வாசனை போயிடும். விலை ஏன்னு இப்போ புரியும்.

குடிக்கிற முறை: ரெண்டு கிராம் பொடியைக் கிண்ணத்துல சலிச்சுப் போடுங்க. சலிக்காம விட்டா கட்டி கட்டியா நாக்குல தட்டும். கொதிச்ச தண்ணியை ஆற விட்டு, 80 டிகிரிக்குள்ள வந்ததும் 70 மில்லி ஊத்துங்க. மணிக்கட்டை மட்டும் ஆட்டி, முன்னும் பின்னுமா வேகமா அடிங்க. முதல்ல பெரிய குமிழியா வரும். மத்தை மேலாப்புல கொண்டு வந்து மெதுவா அடிச்சா அது உடைஞ்சு மெல்லிய நுரை படியும். ஜப்பான் தேநீர்ச் சடங்குல உராசென்கேங்கிற மரபு வழில கிண்ணம் முழுக்க நுரை இருக்கணும், ஒமொதேசென்கே வழில கொஞ்சம் இடம் நுரையில்லாம விடுவாங்க. எனக்கு நுரை நிறைஞ்சதுதான் பிடிக்கும்.

மூங்கில் மத்து, அதான் சாசென், ஒண்ணு வாங்கிடுங்க. நாரா பக்கம் தகயாமாவுல ஒரே மூங்கில் துண்டைக் கையாலயே கீறிக் கீறி இழையாக்குறதைப் பார்த்தா வேற எதுலயும் அடிக்க மனசு வராது.

ஒசாகா மீனா:
உஜி அண்ணா சொன்னதோட ஒண்ணு. கேக், ஐஸ்கிரீம், பால்ல கலக்கறதுக்கெல்லாம் சமையலுக்குன்னே மலிவு மாட்சா இருக்கு, அதை வாங்குங்க நித்யா. பரிசா வந்ததைச் சர்க்கரைல முக்கிடாதீங்க. ஆனா ஒரு சிட்டிகையை உப்புல கலந்து டெம்புரா, அதான் ஜப்பான் பஜ்ஜி, தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்க, கத்திரிக்காய் டெம்புராவுக்கு அப்படிப் பொருந்தும்!

இரும்புச்சத்து மாத்திரை எடுக்கறவங்க அந்த நேரத்துல இதைக் குடிக்க வேண்டாம், உடம்புல இரும்பு சேர்றதைத் தேயிலை குறைக்கும். இலையையே முழுங்கறதால காஃபீனும் கணிசமா இருக்கும், ராத்திரில வேண்டாம்.

நகோயா நித்யா:
ரொம்ப நன்றி அண்ணா, மீனாக்கா. டப்பாவை ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா?

உஜி வாசி:
வைக்கலாம், மூடி இறுக்கமா இருக்கணும். எடுத்தவுடனே திறக்காதீங்க, வெளிக் காத்து பட்டதும் ஈரம் கோத்துக்கும். டப்பா அறைச் சூட்டுக்கு வந்ததும் திறங்க. திறந்தப்புறம் ஒரு மாசத்துக்குள்ள குடிச்சு முடிச்சிடுங்க.